அக்கா சொன்ன "மருந்து வாடை" மலையாளத்தில் மாறிவிட்டது. சாட்சி சொல்லும்போது திருத்தலாமா?

தென்னந்தோப்பு_82 எழுதியது:

வணக்கம். எங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூரை அடுத்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான் பேசுவோம். விஷயம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மா மகள் 2022இல் இறந்துவிட்டார். வயிற்றுப்போக்கு, வாந்தி என்று கோவைக்குக் கொண்டுபோனோம், மூன்றாம் நாள் போய்விட்டார். பிரேதப் பரிசோதனையில் பூச்சிமருந்து என்று வந்தது. அக்காவின் வீட்டுக்காரருக்குத் தேங்காய் வியாபாரம். கொப்பரையில் பெரிய நஷ்டம், பைனான்ஸ் கடன், அக்காவின் நகை முழுவதும் அடமானத்தில். அக்கா பெயரில் இரண்டு பாலிசி போட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, இரண்டுக்கும் நாமினி அவர்தான். மாமா மாமா என்று நான் கூப்பிட்ட மனிதர், இப்போது பேப்பரில் "பிரதி". (நமக்குப் பிரதி என்றால் நகல். மலையாளத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்.) பாலக்காட்டில் செஷன்ஸ் விசாரணை தொடங்கிவிட்டது, எனக்கும் சம்மன் வந்திருக்கிறது.

நான் எதற்குச் சாட்சி என்றால், இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ராத்திரி அக்கா போன் செய்தார். அவர் சொன்னது இது: "பால்ல ஒரே மருந்து வாடை அடிக்குதுடி, பாதியக் கீழ ஊத்திட்டேன்." பால் ஆற்றிக் கொடுத்தது மாமா. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டம்ளரைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, அது வேறு கதை.

தோப்பு வைத்திருக்கிற வீட்டில் மருந்து என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். மரத்துக்கு மருந்து கட்டுவது, மருந்து அடிப்பது, "அவ மருந்தக் குடிச்சிட்டா" என்பது எல்லாம் விஷம்தான். ஆனால் போலீஸ் என்னிடம் மொழி எடுத்தபோது (மொழி என்றால் வாக்குமூலம். முதல் நாள் "மொழி கொடுக்கணும்" என்று சொன்னதும், எந்த மொழியில் என்று கேட்டு அசடு வழிந்தேன்) "பாலில் மருந்நின்றெ மணம்" என்று எழுதியிருக்கிறார்களாம். அதாவது மாத்திரை மருந்தின் வாசனை. அக்கா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார் என்று சித்தப்பா பயப்படுகிறார். கடனால் மனமுடைந்து அவளே குடித்துவிட்டாள் என்பதுதான் அவர்கள் கட்சி.

நான் கோர்ட்டில் திருத்திச் சொன்னால் "கூறுமாறி" (பிறழ்சாட்சி) என்று எழுதிவிடுவார்களா? போனில் கேட்டதெல்லாம் சாட்சியம் ஆகுமா? வீட்டில் எல்லோரும் "பாலிசி ஒன்று போதும், பணத்துக்காகக் கொன்றான் என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு வரும்" என்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

(திருத்தம்: ஒருவர் தனிச்செய்தியில் சொன்னதால் தேதியையும் மருத்துவமனைப் பெயரையும் எடுத்துவிட்டேன்.)

பழைய பெஞ்ச் கிளார்க் எழுதியது:

அம்மணி, முதலில் பயத்தை விடுங்க. முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து எழுதினவன் சொல்கிறேன்.

போலீஸிடம் கொடுத்த மொழியில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள், போடவும் கூடாது. அதை வைத்து யாருக்கும் தண்டனை கொடுக்க முடியாது. கோர்ட்டில் நீங்கள் சொல்வதற்கும் அதற்கும் முரண் இருந்தால் காட்டுவதற்குத்தான் எதிர்த்தரப்புக்கு அது உதவும். முரண் என்று அவர் காட்டினால், "நான் தமிழில் சொன்னேன், எழுதியவர் மலையாளத்தில் எழுதினார், எங்கள் ஊரில் மருந்து என்றால் இது" என்று சொல்லுங்கள். அது கூறுமாறல் ஆகாது. தான் சொன்னதையே இல்லை என்பவனைத்தான் கூறுமாறி என்பார்கள்.

முக்கியமானது இதுதான். நீங்கள் தமிழில்தான் சாட்சி சொல்லப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாட்சி வேறு மொழியில் பேசினால், முடிந்தால் அந்த மொழியிலேயே பதிவு செய்யலாம், முடியாதபோது கோர்ட் மொழியில் சரியான மொழிபெயர்ப்பு வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எழுதி முடித்ததும் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், மலையாளத்தில் இருந்தால் தமிழில் விளக்கியும் சொல்ல வேண்டும். அங்கேதான் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள், பசி, பஸ் போய்விடும், சாமி ஆளை விட்டால் போதும் என்று. தப்பு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். திருத்துவார்கள், அல்லது நீங்கள் ஆட்சேபித்தீர்கள் என்று குறிப்பாவது எழுதுவார்கள்.

"மருந்து வாடை" என்ற இரண்டு சொல்லையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். வாடையை மணம் என்று எழுதினால் மல்லிகைப்பூ மாதிரி ஆகிவிடும்.

எல்லைக்கோடு_வக்கீல் எழுதியது:

பெஞ்ச் கிளார்க் ஐயா சொன்னது சரி. மற்ற இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன். (நான் இந்த வழக்கில் யாருக்கும் ஆஜராகவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் பி.பி.யிடம், அதாவது அரசு வக்கீலிடம், கேட்டுவிட்டே எதையும் செய்யுங்கள்.)

போனில் கேட்டது செல்லும். இறந்தவர் தன் சாவுக்கு இட்டுச் சென்ற சூழ்நிலையைப் பற்றி முன்பே யாரிடமாவது சொல்லியிருந்தால், அதைக் கேட்டவர் வந்து சொல்லலாம். சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம், நம் ஊரில் அப்படி இல்லை. இதை விளக்கிய பெரிய தீர்ப்பு 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சரத் பிர்திசந்த் சர்தா வழக்கு. புனேயில் 1982இல் கல்யாணமான சில மாதத்தில் ஒரு பெண் சயனைடால் செத்தாள். அவள் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்கள் சாட்சியமாக ஏற்கப்பட்டன. கீழ்க்கோர்ட் கணவனுக்குத் தூக்கு கொடுத்தது, பம்பாய் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. இதைத்தான் உங்கள் சித்தப்பா கேட்க வேண்டும். கடிதங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டும் விடுதலைதான். கொலையா தற்கொலையா என்பதில் சந்தேகம் தீரவில்லை. விஷ வழக்கு என்றால் நான்கு விஷயம் நிற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது: கொடுப்பதற்குத் தெளிவான நோக்கம், செத்தது அந்த விஷத்தால்தான் என்பது, விஷம் அவர் கையில் இருந்தது, கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. பாலிசியும் கடனும் முதலாவதுக்கு மட்டும்தான் உதவும். மீதி மூன்றுக்கு வேறு ஆள் வேண்டும், வேறு பொருள் வேண்டும்.

கேரளத்திலேயே அஞ்சல் என்ற ஊரில் கணவன் பாம்பைக் கடிக்கவிட்டு மனைவியைக் கொன்ற வழக்கு எல்லோருக்கும் தெரியும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் போனால் அந்த ஊர் பக்கம்தான். 2020 மார்ச்சில் அணலி (விரியன்) கடித்துப் பிழைத்த பெண்ணை மே மாதம் நாகம் கடித்தது, தாய் வீட்டில் தூங்கும்போது. ஊர் முழுக்க நகை, கார், வரதட்சணை என்றுதான் பேசியது. ஆனால் 2021 அக்டோபரில் கொல்லம் செஷன்ஸ் கோர்ட் கணவனுக்கு இரட்டை ஆயுள் கொடுத்தது அந்தப் பேச்சை வைத்து மட்டும் அல்ல. பாம்பு விற்றவன் மாப்புசாட்சியாக (அப்ரூவராக) வந்து சொன்னான். புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். பொம்மைக் கையில் பாம்பைக் கடிக்கவிட்டு, தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கவைத்தால் பல் தடத்தின் இடைவெளி கூடுகிறது என்று காட்டினார்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லாத வழக்கு அது. கண்ணி கண்ணியாகக் கோத்தார்கள்.

உங்கள் வழக்கில் மருந்து எங்கே வாங்கியது என்பதை போலீஸ் பிடித்திருக்கிறார்களா? கேரளத்தில் 2011இலிருந்து மோனோகுரோட்டோபாஸ் மாதிரி சில மருந்துகளை விற்கக் கூடாது. அதனால் எல்லை தாண்டி வாங்கி வந்தவர்கள் உண்டு. அப்படி ஒரு கடைக்காரர் சாட்சிப் பட்டியலில் இருந்தால், உங்கள் "மருந்து வாடை"யும் அவருடைய பில்லும் ஒன்றையொன்று தாங்கும். தனித்தனியாக இரண்டுக்கும் பலம் குறைவு.

பாலிசி_அண்ணன் எழுதியது:

வக்கீல் சார் பாலிசியை ஒரே வரியில் தள்ளிவிட்டார், இருபது வருஷ ஏஜென்ட் என்ற முறையில் எனக்கு வருத்தம் :)

தங்கச்சி, பாலிசி இருந்தது என்பதில் ஒன்றும் இல்லை. யார் சொல்லிப் போட்டது, ப்ரோபோசல் பாரத்தில் கையெழுத்து அக்காவுடையதுதானா, மெடிக்கலுக்கு அக்கா போனாரா, பிரீமியம் யார் கணக்கிலிருந்து போனது, இதுதான் விஷயம். கடனில் மூழ்கின ஆள் வட்டிகூடக் கட்டாமல் பிரீமியம் மட்டும் தேதி தவறாமல் கட்டியிருந்தால் அது பேசும்.

இன்னொன்று. நீங்கள் ஏழு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிசி போட்டு 12 மாதத்துக்குள் தற்கொலை என்றால் முழுத்தொகை கிடைக்காது, கட்டிய பிரீமியத்தில் ஒரு பங்கு, 80 சதவீதத்துக்குக் குறையாமல், அவ்வளவுதான். கிளெய்ம் பாரத்தில் சாவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் மாமா அதில் என்ன எழுதினார்? கோர்ட்டில் "அவளே குடித்தாள்" என்கிற ஆள், கம்பெனிக்கு "வயிற்றுப்போக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரே சாவுக்கு இரண்டு கதை. பாலிசி பத்திரத்தை விட அந்தப் பாரம் பெரிய சாட்சி. கம்பெனியிலிருந்து அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்களா என்று பி.பி.யிடம் சித்தப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

பணம் யாருக்குப் போகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், குழந்தைகள் இருந்தால் தெரிந்திருக்க வேண்டும். கொலை செய்தவர் இறந்தவருடைய சொத்துக்கு வாரிசாக முடியாது, இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ஆம் பிரிவு. அவர் முன்பே செத்துவிட்ட மாதிரி கணக்கு, அக்காவின் நகையும் நிலமும் பிள்ளைகளுக்கு. நாமினி மேல் கொலை வழக்கு இருந்தால் கம்பெனியும் பொதுவாகப் பணத்தை நிறுத்தித்தான் வைக்கும்.

நகரி ரோடு எழுதியது:

நானும் சித்தூர்க்காரன்தான், ஆனால் உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை, ஆந்திரச் சித்தூர். நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள் அக்கா.

எங்கள் மாமா மேலும் இப்படி ஒரு வழக்கு இருந்தது. மாம்பழ மண்டியில் கூட்டு வியாபாரம், கூட்டாளி செத்துப்போனார், கணக்கில் பெரிய தொகை இடித்தது, அவ்வளவுதான், ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. நான்கு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தோம். வந்த சாட்சியில் பாதிப் பேர் பார்த்ததைச் சொல்லவில்லை, நினைத்ததைச் சொன்னார்கள். "அவருக்குப் பணத்தேவை இருந்தது, அதனால் அவர்தான்." கடன் இல்லாத மண்டிக்காரன் எவன்? விடுதலை ஆனார். இன்றைக்கும் டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகும்.

உங்கள் மாமா செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, எனக்கு என்ன தெரியும். அக்கா என்ன சொன்னார் என்பது வரைக்கும்தான் நீங்கள் போக வேண்டும். அவர் கொடுத்த பால் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதையும் அக்காதான் சொன்னாரா, இல்லை வழக்கமாக அவர்தான் ஆற்றுவார் என்பதால் நீங்களே சேர்த்துக்கொண்டதா? எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்புறம், மருந்து விஷயம் எங்களுக்கும் உண்டு. தெலுங்கில் மந்து என்றால் மாத்திரையும் அதுதான், பூச்சிமருந்தும் அதுதான், பிராந்தியும் அதுதான். எங்கள் பக்கம் "மந்து தாகிந்தி" என்று ஒருத்தி எழுதிக் கொடுத்தால், எதைக் குடித்தாள் என்று தனியாக ஒரு சாட்சி வேண்டும்.

தென்னந்தோப்பு_82 எழுதியது:

நகரி ரோடு தம்பி, உங்கள் கேள்வி நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை. எத்தனை தடவை யோசித்தும் அக்கா "மாமா கொடுத்த பால்" என்று சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் வரவில்லை. தினமும் ராத்திரி மாமாதான் பால் ஆற்றிக் கொடுப்பார், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி நாங்கள் அக்காவைக் கேலிகூடச் செய்திருக்கிறோம். அதனால் நானே சேர்த்துக்கொண்டேன் போல. மேலே என் முதல் பதிவைப் பாருங்கள், சம்பந்தமே இல்லாமல் "பால் ஆற்றிக் கொடுத்தது மாமா" என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "சொன்னான்னே சொல்லிரு, என்ன குறைஞ்சு போகுது" என்றார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை.

பாலிசி அண்ணா, கிளெய்ம் பாரம் பற்றி யாருக்கும் தெரியவில்லை. பி.பி. ஆபீஸில் கேட்டோம், குறித்துக்கொண்டார்கள்.

எல்லைக்கோடு_வக்கீல் எழுதியது:

சித்தப்பா சொல்வதைச் செய்யாதீர்கள். பொய் சொன்னால் உங்கள் மேலேயே வழக்கு வரும் என்பது ஒரு பக்கம். அந்த ஒரு வரி குறுக்கு விசாரணையில் உடைந்தால் "மருந்து வாடை"யும் சேர்ந்து போய்விடும், அது இன்னொரு பக்கம். தெரிந்ததைச் சொல்லுங்கள்: வாடை அடிக்கிறது என்று அக்கா சொன்னார். ராத்திரிப் பால் உங்கள் மாமாதான் ஆற்றுவது வழக்கம், அதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் அதுவும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், சேர்த்துப் பார்ப்பது நீதிபதியின் வேலை. வீட்டுக்குள்ளே, ராத்திரி, இரண்டு பேர் மட்டும் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு கணவனுக்கும் உண்டு. 2006இல் திரிமுக் மாரோத்தி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் அரசுத் தரப்பு அடிப்படையை நிறுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூங்கில்மடை எழுதியது:

சட்டம் எல்லாம் இருக்கட்டும். கோவையில் செத்ததற்குப் பாலக்காட்டில் ஏன் கேஸ்? கோவையில் நடந்தால் இந்த மொழிப் பிரச்சினையே வராதே.

பழைய பெஞ்ச் கிளார்க் எழுதியது:

செயல் ஓரிடத்திலும் அதன் விளைவு இன்னோரிடத்திலும் நடந்தால் இரண்டு இடத்திலும் விசாரிக்கலாம் தம்பி. பாறசாலை கஷாய வழக்கில் தலைகீழாக நடந்தது, காதலி விஷம் கலந்த கஷாயம் கொடுத்தது கன்னியாகுமரி மாவட்டத்து வீட்டில், பையன் செத்தது திருவனந்தபுரத்தில், விசாரணை நெய்யாற்றின்கரையில். 2025 ஜனவரியில் தூக்கு என்று தீர்ப்பு வந்ததே. அது பணத்துக்காக அல்ல, ஆனால் எல்லைக் கணக்கு ஒன்றுதான்.

அம்மணி, அன்றைக்குப் பத்தரைக்கே போய்விடுங்கள். சம்மனையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தூர் வழி பஸ் காலையில் கூட்டமாக இருக்கும், முந்தினதைப் பிடியுங்கள். உங்களை உள்ளே கூப்பிடும்வரை மற்ற சாட்சிகளோடு வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். சோறு கட்டிக்கொண்டு போங்க, வாய்தா போட்டாலும் போடுவார்கள்.

தென்னந்தோப்பு_82 எழுதியது:

முடிந்தது. வழக்கு நடப்பதால் கேட்டது எல்லாவற்றையும் எழுதவில்லை. முதல் தடவை வாய்தா, இரண்டாம் தடவைதான் கூப்பிட்டார்கள். தமிழில்தான் பேசினேன். வாசித்துக் காட்டும்போது "மருந்நின்றெ மணம்" என்றே வந்தது, கையைத் தூக்கினேன். நீதிபதி நிறுத்தச் சொல்லி, மருந்து என்றால் உங்கள் ஊரில் என்ன என்று கேட்டார், சொன்னேன். தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதிப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டார்கள்.

பால் யார் கொடுத்தது என்று அக்கா சொன்னாரா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன். மாமா அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சித்தப்பா பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. பெரியம்மா மட்டும் கட்டிக்கொண்டு வந்த தயிர்சோற்றைப் பிரித்து என் கையில் வைத்தார்.